யாருக்கும் உடைமையாகாத உயிர்: குழந்தைப் பராமரிப்பு ஆணையை மீறுவது குறித்த ஓர் அறவிசாரணை

தாயும் தந்தையும் பிரிந்த பின் குழந்தை யாருடன் வாழ வேண்டும், மற்றவர் அதனை எப்போது, எவ்வளவு நேரம் காணலாம் என்பதை நீதிமன்றம் வரையறுக்கும்போது, அந்த வரையறை இருவரில் ஒருவருக்கேனும் மனவருத்தம் தருவது இயல்பு. அந்த வருத்தம் ஆணையை மீறும் துணிவாக மாறும் இடத்தில் சட்டம் தண்டனையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. மெய்யியலோ அதற்கும் முன்னே சென்று மூன்று கேள்விகளை எழுப்புகிறது. பெற்றோரின் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அந்நியரான ஒரு நீதிபதிக்கு எங்கிருந்து வருகிறது? ஆணை தவறானது என்று மனச்சாட்சி உறுதியாகச் சொல்லும்போது பெற்றோர் எதற்குக் கட்டுப்பட்டவர்? மீறுதலின் விளைவை உண்மையில் சுமப்பவர் யார்? இவை எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான கேள்விகளே. எனினும், குடும்பப் பிணக்குகளைப் பெரியவர்களே தீர்த்துவைத்த யாழ்ப்பாணத்து ஊர்களிலிருந்து சென்று, குழந்தையைத் தனி உரிமைகளுடைய ஆளாகக் கருதும் நாடொன்றில் வேரூன்றிய ஒஸ்லோத் தமிழருக்கு அவை கூடுதல் கூர்மையுடன் எழுகின்றன.

இங்கு நிறுவ முயலும் கருத்து இதுதான்: பராமரிப்பு ஆணைக்குக் கீழ்ப்படியும் கடமை நீதிபதியின் ஞானத்திலிருந்தோ அரசின் வலிமையிலிருந்தோ பிறப்பதன்று; குழந்தை எவருக்கும் உடைமையாகாத தனி உயிர் என்ற உண்மையிலிருந்து பிறக்கிறது. அந்த உண்மை பெற்றோரைக் கட்டுப்படுத்துவது போலவே ஆணையிடும் அரசையும் கட்டுப்படுத்துகிறது. மீறுதலுக்குச் சட்டம் விதிக்கும் விளைவுகளையும், அவ்விளைவுகள் சென்று முட்டும் எல்லையையும் முதலில் கண்ட பிறகே இக்கருத்தின் பொருள் முழுதாக விளங்கும்.

ஆணை உருவாகும் விதம்

நோர்வேயில் இத்தகைய வழக்குகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்துவந்துள்ளது 1981 ஏப்ரல் 8ஆம் திகதியிட்ட சிறுவர் சட்டம். அது மூன்று உரிமைகளைப் பிரித்துக் காண்கிறது. குழந்தையின் பெயர், சமயம், கல்வி, கடவுச்சீட்டு போன்ற பெரிய விடயங்களில் முடிவெடுக்கும் பெற்றோர் பொறுப்புரிமை முதலாவது; குழந்தை நிலையாக வசிக்கும் வீடு எது என்பது இரண்டாவது; உடன் வசிக்காத பெற்றோரும் குழந்தையும் ஒருவரையொருவர் காணும் சந்திப்புரிமை மூன்றாவது. இம்மூன்றையும் தீர்மானிக்கும் அளவுகோல் குழந்தையின் நலன் ஒன்றே. குழந்தையைப் பாதிக்கும் முடிவுகளில் அதன் நலன் அடிப்படைக் கருத்தாக இருக்க வேண்டும் என்பதையும், அதன் குரல் கேட்கப்பட வேண்டும் என்பதையும் 2014இல் திருத்தப்பட்ட நோர்வே அரசியலமைப்பின் 104ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கை 2003 முதல் அந்நாட்டு உள்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே விளங்குகிறது.

ஆணை திடீரென வானத்திலிருந்து விழுவதில்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய பெற்றோர் பிரியும்போது, குடும்பநல ஆலோசனை அலுவலகத்தில் இணக்கப் பேச்சுக்குச் செல்வது கட்டாயம். அங்கு சென்றதற்கான சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தொடர இயலாது. அதன் பின் வழக்கு ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தாலும், நீதிபதி உடனே தீர்ப்பெழுத அமர்வதில்லை. உளவியல் அறிஞர் ஒருவரின் துணையுடன் பெற்றோரை மீண்டும் மீண்டும் ஒரே மேசைக்கு அழைத்து, தற்காலிக ஏற்பாடொன்றைச் சில மாதங்கள் நடத்திப் பார்க்கச் சொல்லி, உடன்பாட்டுக்கு வழி தேடுவது 2004இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களுக்குப் பின் வலுப்பெற்ற முறை. இவ்வளவும் பயனற்றுப்போன பிறகே தீர்ப்பு வருகிறது. ஆகவே, நீதிபதி அந்நியர் என்பது உண்மையானாலும், அவரது ஆணை பெற்றோர் இருவரும் பேசித் தீர்க்கத் தவறிய இடத்தை நிரப்புவதே தவிர, அவர்களின் பேச்சை முந்திக்கொண்டு வருவது அன்று.

அந்த ஆணையின் உள்ளடக்கம் மிகச் சாதாரணமான நாட்களால் ஆனது. சட்டம் 'வழக்கமான சந்திப்பு' என்று வரையறுப்பது, வாரத்தில் ஒரு பின்னேரமும் அந்த இரவும், ஒன்றுவிட்ட வார இறுதி, கோடை விடுமுறையில் மூன்று வாரங்கள், இலையுதிர்கால, நத்தார், குளிர்கால, ஈஸ்டர் விடுமுறைகள் மாறி மாறி என்பதாகும். மீறுதலும் அதே சாதாரண நாட்களுக்குள்தான் நிகழ்கிறது. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் தந்தை வந்து நிற்கிறார். பிள்ளை அன்று பாடசாலைக்கே வரவில்லை, காய்ச்சல் என்று கைபேசியில் ஒரு செய்தி வருகிறது. அடுத்த முறை சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பரீட்சை. அதற்கடுத்த முறை கோயிலில் திருவிழா. அதன் பிறகு பிறந்தநாள் விழா. ஒவ்வொரு காரணமும் தனியே பார்த்தால் நியாயமானது. இலையுதிர்காலம் முடிந்து பனி கொட்டும் காலம் வரும்போது, தந்தையின் வீட்டில் பிள்ளைக்கு வாங்கி வைத்த பனிச்சப்பாத்து அளவில் சிறிதாகியிருக்கும். தாயின் இடத்தில் தந்தையையும் தந்தையின் இடத்தில் தாயையும் வைத்தாலும் இக்காட்சி மாறாது. வார்த்தையளவில் எவரும் ஆணையை எதிர்க்காமலே அது செயலளவில் இல்லாமலாகிவிடுகிறது. நோர்வேயில் இதனைச் சந்திப்பைச் சிதைத்தல் என்ற பொருளுடைய தனிச்சொல்லால் குறிப்பிடும் அளவுக்கு இது பரவலாக அறியப்பட்ட துன்பம்.

சட்டம் விதிக்கும் விளைவுகள்

மீறுதலுக்கான முதல் விளைவு பணம் சார்ந்தது. சந்திப்புரிமை மறுக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், தவறவிடப்படும் ஒவ்வொரு சந்திப்புக்கும் குறிப்பிட்ட தொகை செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாய அபராதம் விதிக்கலாம். இது நடந்த தவறுக்குத் தண்டனை என்பதைவிட, இனி நடக்க வேண்டியதை நடக்கச் செய்யும் அழுத்தம் என்றே கருதப்படுகிறது. தொகை மற்றப் பெற்றோருக்குச் செல்லாமல் அரசின் கருவூலத்துக்கே செல்கிறது. குழந்தையின் வசிப்பிடம் பற்றிய தீர்ப்பு மீறப்பட்டால் அபராதத்துக்கு அப்பால் இன்னொரு வழியும் உண்டு: நிறைவேற்று அதிகாரி நேரில் சென்று குழந்தையை அழைத்துவந்து உரியவரிடம் ஒப்படைக்கலாம். குழந்தையை நிலையாகத் தன்னுடன் வைத்திருக்க உரிமையுள்ளவரிடமிருந்து அதனைப் பாரதூரமான முறையிலோ திரும்பத் திரும்பவோ பறித்துவைப்பது 2005ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தின் 261ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு அபராதமோ இரண்டு ஆண்டுகள் வரையிலான சிறையோ விதிக்கலாம், கொடிய மீறல்களுக்கு அந்த எல்லை ஆறு ஆண்டுகள் வரை உயரும்.

இவை அனைத்தையும்விட ஆழமான விளைவு வேறொன்று. குழந்தையுடன் வசிப்பவர் சந்திப்பைத் தடுத்துவந்தால், வசிப்பிடத்தையும் பொறுப்புரிமையையும் புதிதாகத் தீர்மானிக்கும்படி மற்றவர் கேட்க முடியும் என்று சிறுவர் சட்டத்தின் 43ஆம் பிரிவு இடமளிக்கிறது. மேலும், தொடக்கத்திலேயே வசிப்பிடத்தைத் தீர்மானிக்கும்போது, எந்தப் பெற்றோரிடம் விட்டால் குழந்தைக்கு இருவருடைய உறவும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை நோர்வே நீதிமன்றங்கள் முக்கியமான ஒரு காரணியாக எடைபோடுகின்றன. மற்றவரிடம் பிள்ளையை மனமுவந்து அனுப்பக்கூடியவர் யார் என்ற கேள்வி, இவ்விதம் பிள்ளையை வைத்துக்கொள்ளத் தகுதியானவர் யார் என்ற கேள்விக்குள் நுழைந்துவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் பழைய கதையொன்றின் சாயல் தெரியும். ஒரே குழந்தைக்காகப் போராடிய இரு பெண்களில், குழந்தையை வெட்டிப் பங்கிடச் சொன்னதும் தன் உரிமையை விட்டுக்கொடுத்தவளே தாய் என்று தீர்ப்பளித்த கதை விவிலியத்தில் சாலமோன் அரசனின் பெயரில் உள்ளது. மரியாதை ராமன் கதைகளிலும் அதற்கு நெருங்கிய வடிவம் வழங்குகிறது. பௌத்தரின் மகோசத சாதகத்தில் கோடு கிழித்துக் குழந்தையை இருபுறமும் இழுக்கச் சொல்லும் வடிவில் வருகிறது. இக்கதைகளில் ஒருத்தி பொய்த்தாய். ஒஸ்லோ நீதிமன்றத்தில் நிற்கும் இருவரும் மெய்ப்பெற்றோர். ஆகவே கதையின் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. ஆயினும் அதன் உட்பொருள், குழந்தையின் உடலும் மனமும் கிழியாமலிருப்பதைத் தன் உரிமைக்கு மேலாக வைப்பவரிடமே அன்பு முழுமையாக உள்ளது என்பது, இன்றைய சட்டத்தின் நுட்பமான விதியொன்றாக உயிர்வாழ்கிறது.

தண்டனை சென்று முட்டும் எல்லை

எனினும், நடைமுறையில் காலம் அந்தக் கதையின் தீர்ப்பைத் தலைகீழாக்கிவிடும் ஆற்றல் உடையது. கடன் தீர்ப்பை மீறியவர் பத்து ஆண்டுகள் கழித்துச் செலுத்தினாலும் பணம் பணமாகவே இருக்கும். பராமரிப்புத் தீர்ப்பை மீறியவர் பத்து ஆண்டுகள் கழித்து ஒப்படைப்பதற்கு அந்தக் குழந்தையே இருப்பதில்லை, வளர்ந்த வேறொரு மனிதரே இருக்கிறார். பின்லாந்தைச் சேர்ந்த ஹொக்கானென் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. மனைவி இறந்த பின் மகளைத் தற்காலிகமாக அவளது தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் விட்ட தந்தைக்கு, நீதிமன்ற ஆணைகள் இருந்தும் அவள் திருப்பித் தரப்படவில்லை, சந்திப்புகளும் நடைபெறவில்லை. 1994 செப்டெம்பர் 23ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், சந்திப்புரிமையை நிறைவேற்றத் தவறிய அரசு தந்தையின் குடும்ப வாழ்வுரிமையை மீறியது என்று கண்டது. ஆனால் அதே நீதிமன்றம், பராமரிப்பை முதியோருக்கே மாற்றிய உள்நாட்டுத் தீர்ப்பைத் தவறு என்று சொல்லவில்லை. ஏனெனில் அத்தனை ஆண்டுகளில் சிறுமி அந்த வீட்டில் வேர்விட்டுவிட்டாள். தந்தை வழக்கில் வென்று மகளை இழந்தார்.

சட்டம் தண்டனையைக் கடுமையாக்கினால் போதாதா என்ற கேள்வி இங்கு எழும். அபராதம் உயர்ந்தால் குறைவது குழந்தை வாழும் வீட்டின் வரவுசெலவே. சிறை விதித்தால் குழந்தை இழப்பது தன்னை அன்றாடம் பராமரிக்கும் கையையே. வலிந்து அழைத்துச் சென்றால் அச்சத்தில் உறைவது குழந்தையின் மனமே. எனவேதான் நோர்வேச் சட்டம், பெற்றோரால் நிறைவேற்ற இயலாத நிலையில் அபராதம் விதிப்பதில்லை. பிள்ளையின் எதிர்ப்பு உண்மையானதா, எந்த வயதில் எவ்வளவு உறுதியானது என்பதையும் கருத்திற்கொள்கிறது. அதே வேளை, 'பிள்ளை வரமாட்டேன் என்கிறது' என்று சொல்லிக் கைகட்டி நிற்பது போதாது, பிள்ளையை ஊக்கப்படுத்தி அனுப்புவதும் பெற்றோரின் கடமையே என்பது அங்கு ஏற்கப்பட்ட நிலைப்பாடு. இந்தத் தயக்கத்தைச் சட்டத்தின் பலவீனமாகக் காண்பது எளிது. உண்மையில் அது, எந்தத் தண்டனையும் குழந்தையின் ஊடாகச் சென்றே பெற்றோரைத் தொட முடியும் என்பதைச் சட்டம் உணர்ந்திருப்பதன் அடையாளம். மீறுபவர் பயன்படுத்திக்கொள்வது இந்த இரக்கத்தையே. அதனால்தான் பராமரிப்பு ஆணை, இறுதிக் கணக்கில், பலவந்தத்தை நம்பி நிற்பதில்லை. பெற்றோரின் அறவுணர்வை நம்பியே நிற்கிறது.

எல்லைகளைத் தாண்டும்போது இந்த நம்பிக்கை இன்னும் மெலிந்த நூலாகிறது. 1980 ஒக்டோபர் 25ஆம் திகதிய ஹேக் உடன்படிக்கை, வேறு நாட்டுக்குச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தையை அதன் வழக்கமான வசிப்பிட நாட்டுக்கு விரைந்து திருப்பி அனுப்பும் ஏற்பாடு. பராமரிப்பு யாருக்கு என்பதை அந்நாட்டு நீதிமன்றமே முடிவுசெய்யும். ஓராண்டு கடந்து குழந்தை புதிய சூழலில் நிலைபெற்றுவிட்டால் திருப்பி அனுப்ப மறுக்கலாம் என்று அந்த உடன்படிக்கையும் காலத்தின் வலிமைக்குத் தலைவணங்குகிறது. நோர்வே அதில் 1989 முதல் உறுப்பு நாடு, இலங்கை 2001இல் இணைந்தது, இந்தியா இணையவில்லை. 2011இல் நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் இந்தியத் தம்பதியரின் இரு சிறு குழந்தைகளைச் சிறுவர் பாதுகாப்புத் துறை தன் பொறுப்பில் எடுத்த நிகழ்வு இரு நாட்டு அரசுகளும் பேசும் அளவுக்கு வளர்ந்து, 2012இல் குழந்தைகள் தந்தைவழிச் சிற்றப்பனிடம் ஒப்படைக்கப்பட்டு இந்தியா வந்தனர். உலகம் அத்துடன் கதை முடிந்ததாக நினைத்தது. அதன் பிறகு தாய் மேற்கு வங்கத்தில் தனியே போராட வேண்டியிருந்தது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அவர் பக்கம் முடிவுசெய்த பின்னும் குழந்தைகள் கைக்கு வராமல், 2013 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவரிடம் சேர்ந்தனர். நோர்வே அரசு பறித்ததாகப் பேசப்பட்ட குழந்தைகளைத் தாயிடமிருந்து மேலும் பல மாதங்கள் விலக்கிவைத்தது, ஆணை உடனே நிறைவேறாத தாய்நாட்டு நிலைமையே.

மனச்சாட்சியின் உரிமையும் அதன் சோதனைகளும்

ஆணையை மீறும் பெற்றோரில் பலர் தம்மைத் தவறு செய்பவராகக் கருதுவதில்லை. குழந்தையைக் காப்பவராகவே கருதுகின்றனர். மனிதரின் சட்டத்துக்கு மேலான சட்டம் ஒன்று உண்டு என்ற எண்ணம் எல்லாச் சமயங்களிலும் மதிக்கப்படுவது. அதனை எள்ளி ஒதுக்குவது முறையன்று. நோர்வேயின் வரலாற்றிலேயே, குழந்தைகளின் பொருட்டு ஆணையை மறுத்த பெருநிகழ்வு ஒன்று உண்டு. நாசிகளின் ஆக்கிரமிப்பின் கீழ் 1942 பெப்ரவரி 5ஆம் திகதி, அவர்களோடு ஒத்துழைத்த குவிஸ்லிங்கின் அரசு, 10 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் அனைவரையும் தன் கட்சியின் இளைஞர் சேவைக்குள் கட்டாயமாகச் சேர்க்கவும், ஆசிரியர்களைத் தன் கட்டுப்பாட்டிலான சங்கத்துக்குள் கொண்டுவரவும் சட்டமியற்றியது. ஆசிரியர்கள் தம் பெயரொப்பமிட்டு மறுப்புக் கடிதம் எழுதினர். பெற்றோர் பெருந்தொகையாக அமைச்சுக்குக் கடிதம் அனுப்பினர். ஒஸ்லோப் பேராயர் ஐவிண்ட் பெர்க்ராவின் தலைமையில் குருமார் அரசுப் பதவிகளைத் துறந்தனர். ஏறத்தாழ 1,100 ஆசிரியர்கள் கைதுசெய்யப்பட்டு, அவர்களில் பல நூற்றுவர் வடகோடியிலுள்ள கிர்கெனெஸ் நகரில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். இறுதியில் அத்திட்டம் நிறைவேறவில்லை.

அந்த மறுப்பை அறமாக்கிய பண்புகள் எவை என்று ஆராய்ந்தால், மனச்சாட்சியின் பெயரால் வரும் எந்த மீறுதலையும் சோதிக்கும் அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது வெளிப்படைத்தன்மை: ஆசிரியர்கள் பெயரைச் சொல்லி மறுத்தனர், காய்ச்சல் என்று சாக்குச் சொல்லவில்லை. இரண்டாவது, மேலும் கேட்க வழி இல்லாமை: குவிஸ்லிங்கின் சட்டத்துக்கு எதிராக முறையிட நேர்மையான நீதிமன்றம் இருக்கவில்லை, 1940 டிசெம்பரிலேயே உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பதவி விலகியிருந்தனர். மூன்றாவதும் முதன்மையானதும், விலையைத் தானே சுமத்தல். 1922 மார்ச் 18ஆம் திகதி அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மிகக் கடுமையான தண்டனையைத் தானே கேட்டதும், கிறித்துவுக்கு முன் 399இல் தப்பியோட வழியிருந்தும் ஏதென்சின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் சொக்ரதீசு நஞ்சருந்தியதும், மறுப்பின் விலையைப் பிறர் தலையில் ஏற்றாத உறுதியாலேயே உலகின் மதிப்பைப் பெற்றன.

பராமரிப்பு ஆணையை மீறும் பெற்றோர் இந்த மூன்றாவது சோதனையில் ஏறத்தாழ எப்போதும் தோற்கிறார். அவர் சுமப்பது அபராதம். குழந்தை சுமப்பது தந்தையோ தாயோ இல்லாத வளர்ச்சி, ஒருவரை நேசித்தால் மற்றவருக்குத் துரோகம் என்று எண்ணும் பாரம், தன்னால்தான் சண்டை என்ற குற்றவுணர்வு. தன் மனச்சாட்சிக்காகப் பிறர் ஒருவரைத் துன்புறச் செய்வது, அந்தப் பிறர் தன் பிள்ளையே ஆனாலும், தியாகத்தின் பெயரைப் பெறாது. இரண்டாவது சோதனையிலும் அவர் நிலை வலுவற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம், இடைக்கால ஆணை கோரும் வழி, நிலைமை மாறினால் புதிய வழக்கு என்பன நோர்வேயில் திறந்தே உள்ளன. குழந்தை அடிக்கப்படுகிறது, அதன் உடலுக்கு உடனடி ஆபத்து உண்டு என்று நியாயமாக நம்புபவர் அன்றிரவு அதனை அனுப்பாமலிருப்பது மன்னிக்கத்தக்கது மட்டுமன்று, கடமையும் ஆகலாம். ஆனால் மறுநாட்காலையே காவல்துறையிடமும் நீதிமன்றத்திடமும் சென்று அதனை வெளிப்படையாகச் சொல்வதே அந்த மறுப்பின் உண்மையை நிறுவும். தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது என்ற தொன்மையான கொள்கை, கோபமும் அவமானமும் புண்ணும் நிறைந்த பிரிவின் காலத்தில்தான் மிகவும் தேவைப்படுகிறது.

குழந்தை யாருடையது

இவ்வளவுக்கும் அடியில் கிடப்பது, 'என் பிள்ளை' என்ற உரிமைக்குரலின் பொருள் என்ன என்ற கேள்வி. ஒஸ்லோவின் அமெரூட் பகுதியிலுள்ள சிவசுப்பிரமணியர் ஆலயத்துக்குச் செல்லும் குடும்பங்கள் பலவற்றின் சமய மரபான சைவ சித்தாந்தம் இதற்குத் திட்டவட்டமான விடை தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய முறைப்படி, இறைவனாகிய பதியும், உயிராகிய பசுவும், உயிரைப் பிணிக்கும் பாசமும் மூன்றும் தொடக்கமற்றவை. உயிர் எவராலும் படைக்கப்பட்டதன்று, பெற்றோராலும் அன்று. உடல், மனம் முதலிய கருவிகள், வாழும் உலகு, நுகரும் அனுபவம் ஆகிய நான்கையும் தனு, கரணம், புவனம், போகம் என்று சித்தாந்தம் அழைக்கிறது. இவற்றை உயிரின் வினைக்கேற்ப மாயையிலிருந்து கூட்டித் தருபவன் இறைவன். பெற்றோர் அந்த அருளிப்பாட்டில் வாயிலாக நிற்பவர்கள், அவ்வளவே. தன்னை மையமாக்கி 'நான்', 'எனது' என்று எதனையும் பற்றிக்கொள்ளும் அறியாமையை ஆணவ மலம் என்று அம்மரபு குறிப்பிடுகிறது. பிள்ளையின் மீதான அன்பு இவ்வறியாமையின் மறைப்புக்கு உட்படும்போது, அது அன்பின் தோற்றத்தை இழக்காமலே உரிமைப்பிடியாக மாறிவிடுகிறது.

ஒஸ்லோவின் தமிழ்க் கத்தோலிக்கரும் ஏனைய கிறித்தவரும் குழந்தையைக் கடவுள் கொடுத்த கொடையாகக் காண்கின்றனர். இசுலாம் அதனை இறைவன் ஒப்படைத்த அமானிதமாக, அதாவது ஒருநாள் கணக்குச் சொல்ல வேண்டிய நம்பிக்கைப் பொருளாகக் காண்கிறது. சொல்லும் விதம் வேறானாலும், பெற்றோர் உரிமையாளர் அல்லர், காப்பாளரே என்ற முடிவில் இவை ஒன்றுபடுகின்றன. நோர்வேச் சட்டமும் சமயச் சொற்களின்றி அதே இடத்துக்கு வந்து சேர்கிறது: குழந்தையின் கருத்துக்கு 12 வயதில் பெருமதிப்பு அளிக்கப்படுகிறது, 15 வயதில் சமய அமைப்பொன்றில் சேரவோ விலகவோ பிள்ளை தானே முடிவெடுக்கலாம். காப்பாளர் இருவர் கருத்து வேறுபடும்போது மூன்றாவது ஒருவர் கேட்டு முடிவுசெய்வது இயற்கையானது. உரிமையாளர்களுக்கிடையிலான வழக்கில்தான் அது அத்துமீறலாகத் தோன்றும். முதற் கேள்விக்கான விடை இதுவே: நீதிபதியின் அதிகாரம் பெற்றோரின் உரிமையைப் பறிப்பதால் வருவதன்று, பெற்றோரிடம் அத்தகைய உடைமையுரிமை தொடக்கத்திலேயே இல்லாததால் வருவது.

அரசும் காப்பாளர் மட்டுமே

இதே வாதம் அரசின் பக்கமும் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அது அறமாகாமல் அதிகாரத்தின் துதியாகிவிடும். பார்னவேர்ன் என்று தமிழரும் அப்படியே அழைக்கும் நோர்வேயின் சிறுவர் பாதுகாப்புத் துறை, புலம்பெயர்ந்த பெற்றோரிடையே ஆழ்ந்த அச்சத்தை விளைவித்த அமைப்பு. அந்த அச்சம் முழுதும் கற்பனை அன்று என்பதை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019 செப்டெம்பர் 10ஆம் திகதி அதன் உயர்மட்ட அமர்வான பேராயம் ஸ்ட்ராண்ட் லொபென் வழக்கில், வளர்ப்புப் பராமரிப்பிலிருந்த குழந்தையைத் தாயின் விருப்பத்துக்கு மாறாகத் தத்துக்கொடுத்தபோது குடும்ப வாழ்வுரிமையை நோர்வே மீறியதாகத் தீர்ப்பளித்தது. பெற்றோரையும் பிள்ளையையும் மீண்டும் இணைப்பதை இலக்காகக் கொள்ளாமல், ஆண்டுக்குச் சில தடவை மட்டும் சந்திக்கவிட்டு, பிறகு உறவு மெலிந்துவிட்டது என்று காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதன்று என்பது அந்தத் தீர்ப்பின் வழி வலுப்பெற்ற கருத்து. காலத்தை ஆயுதமாக்கும் பெற்றோரின் தவறும் இதுவேதான்; இங்கு அதனைச் செய்தது அரசு.

2021 டிசெம்பர் 10ஆம் திகதி அதே பேராயம் அப்டி இப்ராகிம் வழக்கில் இன்னும் ஒரு படி சென்றது. சோமாலியாவிலிருந்து அடைக்கலம் தேடிவந்த முசுலிம் தாயின் குழந்தை கிறித்தவக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்டு, பின் அவர்களுக்கே தத்துக்கொடுக்கப்பட்டது. தாய் குழந்தையைத் திரும்பக் கேட்கவில்லை. அதன் பண்பாட்டு, சமய வேர்களோடு தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்றே கேட்டார். குடும்ப வாழ்வுரிமையைச் சமய சுதந்திரத்தின் ஒளியில் வாசித்த நீதிமன்றம், அந்த வேண்டுகோளுக்கு உரிய எடை கொடுக்கப்படவில்லை என்று ஒருமனதாகக் கூறியது. இதற்கு முன்பே நோர்வே உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 27ஆம் திகதி வழங்கிய மூன்று தீர்ப்புகளில், உள்நாட்டு நடைமுறை ஐரோப்பிய அளவுகோலுக்கு ஏற்ப மாற வேண்டும் என்று ஏற்றிருந்தது. தன்னைக் கண்டித்த தீர்ப்புக்கு ஓர் அரசு பணிந்து நடைமுறையைத் திருத்துவது, தன் குடிமக்களிடம் பணிவைக் கேட்கும் தகுதியை அதற்குத் தருகிறது. பாதிக்கப்பட்ட தாய்மார் ஒளிந்தோடாமல் நீதிமன்றப் படிகளில் ஏறியதாலேயே அந்த மாற்றம் வந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஆகவே, குழந்தைப் பராமரிப்பு ஆணையை மீறுவது முதன்மையாக நீதிமன்றத்தை அவமதிப்பதன்று. பேசவோ வழக்காடவோ இயலாத ஓர் உயிரைத் தன் உடைமையென்று அறிவிப்பதே அதன் உள்ளடக்கம். தவறான ஆணைகள் உண்டு. அவற்றை எதிர்த்து மேல்முறையீடு செய்வதும், நிலைமை மாறியதும் திருத்தம் கோருவதும், ஊடகத்திலும் அரசியலிலும் குரல் எழுப்புவதும் பெற்றோரின் உரிமை மட்டுமன்று, சில வேளைகளில் கடமையும்கூட. ஆனால் அந்தப் போராட்டம் நடக்கும் காலமெல்லாம் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் பிள்ளை மற்றவரிடம் சிரித்த முகத்துடன் அனுப்பப்பட வேண்டும். ஒஸ்லோவிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களுக்கும், கோயில், தேவாலய நிருவாகத்தினருக்கும், தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிரிந்தவருள் ஒருவரது பக்கம் நின்று பிள்ளையை மறைத்துவைக்கத் துணைபோகாமல், இணக்கப் பேச்சுக்கு இருவரையும் அழைத்துச் செல்லவும், கைமாறும் வேளையில் இருவருக்கும் நம்பிக்கையானவராக உடன் நிற்கவும், ஆபத்து உண்மையானால் அதனை உரிய இடத்தில் அச்சமின்றிச் சொல்லவும் அவர்கள் முன்வர வேண்டும். ஆணையை மீறி வென்ற பெற்றோர் என்று எவருமில்லை. அந்த வெற்றியின் விலையைப் பிள்ளையே செலுத்தியிருக்கும்.